அந்த நம்பரை மூடாதே

கமலாவைத் திருடி என்று அடுக்ககத்து வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியது நீ. அதை நீ எழுதிக்கொண்டிருந்தபோது நான் உன் பின்னால் நின்று உன் மாமனாருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு அப்பளம் வைக்கட்டுமா என்று கேட்டேன். நீ என் போனை எடுப்பதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன். இதை உறையில் அடைத்து ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பப்போவதில்லை. நீ எழுதியதை எல்லா வீடும் படித்தது, இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் போன் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் தொடங்கியது. உனக்கும் வித்யாவுக்கும் கல்யாணம் முடிந்து, மண்ணூர்பேட்டை வீட்டைக் காலி செய்து, என்னைப் பாரிவாக்கம் பிளாட்டுக்கு அழைத்துப் போன மாதம் அது. அதுவரை என் நம்பருக்கு நானேதான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். நான் நூல் வெட்டிய எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனி வாசலில் இருக்கும் பெட்டிக்கடையில், இருப்பதிலேயே சின்னதாகப் பார்த்துப் போடுவேன். தீர்ந்தால் பேச்சு நின்றுவிடும், சம்பளம் வந்ததும் மறுபடி போடுவேன். நீதான் அதைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னும் டாப்-அப் போட்டுக்கிட்டு இருக்கியாம்மா, நம்ம பேமிலி பிளான்ல உன்னையும் சேத்துடறேன்" என்றாய். ஒரு சனிக்கிழமை கரையான்சாவடி மெயின் ரோட்டு போன் ஷோரூமுக்குக் கூட்டிப்போனாய். ஏசி, கண்ணாடிக் கதவு, எனக்கு ஒரு நாற்காலி. கருவியில் விரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் என் நம்பர் உன் பேருக்குப் போய்விட்டது. வெளியே வந்து "அன்லிமிடெட்மா, எவ்ளோ வேணா பேசிக்கோ, மாசக் கடைசில நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம்கூடச் சொன்னேன், என் பையன் எனக்கு அன்லிமிடெட் போட்டுக் கொடுத்திருக்கான் என்று. அது தீராது என்றுதான் எனக்குப் புரிந்தது. தீராத ஒன்றை யார் யாருக்கோ கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அந்த பிளாட்டில் பகலில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, நான் கிழவி இல்லை. இருபது வருஷம் தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் நின்று நூல் வெட்டியவளை, நீயும் வித்யாவும் வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டில் டிவியோடு விட்டால் அவள் என்ன செய்வாள்? கீழே இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில், மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதில்தான் வாட்ச்மேனும் அவர் மனைவி கமலாவும் இருந்தார்கள். நேபாளத்துக்காரர்கள். அவர் பெயர் கணேஷ். நம் பிளாக்கில் ஒரு வீட்டுக்காவது அது தெரியுமா? எல்லாருக்கும் அவர் பகதூர். அவருக்கு முன்னால் இருந்தவரும் பகதூர், இப்போது வந்திருக்கிற ஒடிசாக்காரரையும் பகதூர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கமலா படிகளைக் கூட்டித் துடைப்பாள். எக்ஸ்போர்ட்டில் வடக்கத்திப் பெண்களோடு நின்று கற்ற அரைகுறை இந்தி எனக்கு, ஊர் ஊராகப் போய்க் கற்ற அரைகுறைத் தமிழ் அவளுக்கு. அதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசாத கதை இல்லை. உனக்கு இது தெரியவந்தபோது நீ கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாய்: "கீழ போய் படியில உக்காராதம்மா. இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க." சரி என்றேன். அதன் பிறகு நீ ஆபீஸ் போனதைப் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு இறங்கினேன். சொந்த மகனுக்குத் தெரியாமல் ஒரு சினேகிதம் வைத்துக்கொண்டேன், அதை நினைத்தாலும் எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது.

கமலாவின் பெண் குழந்தை நேபாளத்து மலையில், பாட்டியிடம் இருக்கிறது. அங்கே இன்டர்நெட் எடுக்காது, அந்தக் கிழவியிடம் இருப்பது பட்டன் போன். இங்கே பேச அவளிடம் காசு கிடையாது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். சாயங்காலம் அங்கிருந்து ஒரு ரிங் வரும், உடனே கட்டாகும். குழந்தை பக்கத்தில் இருக்கிறாள், கூப்பிடு என்று அர்த்தம். கமலா திருப்பிக் கூப்பிடுவாள். அவளுக்கும் கணேஷுக்குமாக இருந்த ஒரே போனுக்கு ரீசார்ஜ் முடிந்து ரொம்ப நாளாகியிருந்தது. முன்பெல்லாம் காசு தீர்ந்தாலும் யாராவது நம்மைக் கூப்பிட முடியும். இப்போது அதற்கும் காசு கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஒரு ரிங்கூட வராது. நம்மைத் தேடி வருகிறவனுக்கும் சேர்த்து நாமே வாசல் வாடகை கட்ட வேண்டும் என்று எவனோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறான். "அம்மா, போன் குடு. ஒன் மினிட்" என்று முதல் நாள் அவள் கேட்டபோது அவள் முகத்தில் இருந்த கூச்சத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்குப் போய் ஏன் கூசுகிறாய், என் பையன் அன்லிமிடெட் போட்டிருக்கிறான், தினமும் பேசு என்றேன். முன்பு அவள் நம்பருக்கு வந்த ரிங், அன்றிலிருந்து என் நம்பருக்கு வர ஆரம்பித்தது.

ஏன் கொடுத்தேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஷிப்மென்ட் நேரத்தில் எனக்கு ஓவர்டைம் போடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ எதிர் வீட்டு லில்லி அக்கா வீட்டில் இருப்பாய். கம்பெனி எதிரில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து நான் அவர்கள் வீட்டுக்குக் கூப்பிடுவேன். "புள்ளையாண்ட பேசணுமா, இரும்மா, ஊட்டுக்குப் பின்னால ஆடிக்கினு கீறான், கூப்புடுறேன்" என்பார் லில்லி அக்கா. நீ ஓடி வருவதற்குள் பாதிக் காசு கரைந்துவிடும். வெக்காதம்மா, வெக்காதம்மா என்பாய். நான் வைக்கமாட்டேன், காசு தீர்ந்து அதுவே நின்றுவிடும். இதெல்லாம் உனக்கு நினைவிருக்காது. லில்லி அக்கா ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை, தன் வீட்டு போனை ஊரான் பிள்ளை எடுக்கிறானே என்று நினைத்ததும் இல்லை. கமலாவின் குழந்தை அங்கே மலையில் எதையோ கத்திச் சொல்ல, இவள் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழும்போது எனக்கு அந்த ஒரு ரூபாய் போன்தான் ஞாபகம் வந்தது. இது நிற்காது, பேசு பேசு என்று சொன்னேன். ஒரு நிமிடம் அரை மணி நேரமானதற்கு நானும் ஒரு காரணம்.

உன்னை ஆபீஸில் வெளிநாடு அனுப்பியபோது குடும்ப பிளான் முழுவதற்கும் வெளிநாட்டுப் பேச்சைத் திறந்துவிட்டிருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்லிமிடெட் என்றால் இந்த நாட்டுக்குள் மட்டும், நேபாளம் அதில் சேராது என்று யார் சொன்னார்கள்? பழையபடி டாப்-அப்பாக இருந்திருந்தால் முதல் நாளே காசு தீர்ந்து நின்றிருக்கும், நானும் கமலாவும் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்போம். இதில் அது நிற்கவே இல்லை. சத்தம் போடாமல் ஏறிக்கொண்டே போய், மாதக் கடைசியில் உன் கைக்கு பில்லாக வந்தது. அதுவும் எந்த நாள் பார்த்து வந்தது? உன் மாமனார் மாமியார் சாப்பிட வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை.

"அம்மா, நேபாளுக்கு யாரு பேசினா?" என்று கூடத்திலிருந்து கேட்டாய். தெரியலையேப்பா என்றேன். அது முதல் பொய். யோசித்துச் சொன்னதில்லை, நாக்கு தானாகச் சொன்னது. உன் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எக்ஸ்போர்ட்டில் சூப்பர்வைசராக இருந்தேன் என்று நீ அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாய். பெண் பார்க்கப் போன அன்று உன் வாயிலிருந்து அதைக் கேட்டேன், மறுக்கவில்லை. வாட்ச்மேன் மனைவியோடு படியில் உட்கார்ந்து என் போனைக் கொடுத்தேன் என்று சொன்னால் அந்த சூப்பர்வைசர் அங்கேயே கழன்று விழுந்துவிடுவாள். நான் யோசித்து முடிப்பதற்குள் நீயே பதிலைக் கண்டுபிடித்துவிட்டாய். "கீழ இருக்காளே, அவதான். நீ போனை எங்கயாவது வெச்சுட்டுப் போறப்ப எடுத்திருக்கா." உன் மாமனார், "இந்த வடக்கத்திக்காரங்கள நம்பவே கூடாது மாப்ள" என்றார். உன் மாமியார், "போனோட விட்டாளே சம்பந்தி, பீரோ சாவிய எடுக்காம" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ குரூப்பில் எழுத ஆரம்பித்தாய்.

இதில் உன் குற்றம் எவ்வளவு, என் குற்றம் எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். உனக்கு உண்மை தெரியாது, அது உன் பக்கம். ஆனால் ஒரு பெண்ணைத் திருடி என்று ஊருக்கே எழுதுவதற்கு முன்னால், நாலு மாடி இறங்கி அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை. கீழே இருக்கிறவள், ஏழை, வேறு பாஷை. அது உனக்குப் போதுமான சாட்சியாக இருந்தது. எக்ஸ்போர்ட்டில் துணி குறைந்தால் எங்கள் பைகளைத்தான் கவிழ்த்துக் கொட்டச் சொல்வார்கள். மேனேஜர் பையை யாரும் தொட்டதில்லை. அந்தச் சோதனைக்கு நின்று வந்த சம்பளத்தில் படித்தவன் நீ. உன்னைப் படிக்கவைத்ததில் நான் எதையோ சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் வந்துவிட்டான். அறையை உடனே காலி செய்யச் சொன்னான். இரண்டு மூட்டை, ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் குடம். உன் மாமனார் மாமியாரை வழியனுப்ப நாம் எல்லாரும் கீழே வந்தோம், அப்போதுதான் கமலாவும் கணேஷும் அதையெல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கணேஷ் யாரையும் பார்க்கவில்லை. கமலா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. அடுக்ககச் சங்கச் செயலாளர், நீ, வித்யா, உன் மாமியார் எல்லாரும் கேட்க, நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா, நீ சொல்லு."

அவ்வளவுதான். நான் லிப்ட் பட்டனை அழுத்தினேன். லிப்ட் வரும்வரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள். கதவு மூடும்போதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நீ இதைக் கவனித்தாயா என்று எனக்குத் தெரியாது. அவள் ஏன் உன்னிடம் வராமல் என்னிடம் வந்தாள் என்று உனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அதை அங்கேயே அழுத்திவிட்டாய். நீ என் பிள்ளைதான்.

மூன்றாம் நாள் செயலாளர் வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன், போனைக் கொடுத்தது நான்தான் என்று. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "விடுங்கம்மா, புது ஆள் போட்டாச்சு. இப்ப போய் அத குரூப்ல போட்டா நம்ம பில்டிங்குக்குத்தான் அசிங்கம்" என்றார். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். கமலாவுக்கு என்ன ஆனது என்று நீ கேட்பாய் என்று நினைத்தேன். "செக்ரட்டரிகிட்டயே போய் சொன்னியா? என் மானத்த வாங்கணும்னே இறங்கியிருக்கியா?" என்று கேட்டாய். அந்த வாரமே நான் மண்ணூர்பேட்டைக்குத் திரும்பிவிட்டேன். லில்லி அக்கா வீட்டு மாடியில் ஓர் அறை. பழைய கம்பெனியில் இப்போது காண்ட்ராக்டர் மூலமாகத்தான் ஆள் எடுக்கிறார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று காலை கேட்டில் நின்றால்தான் தெரியும். எனக்கு வேலை கொடுப்பவன் ஒரு வாரத்துக்குக்கூட எதையும் எழுதித் தரமாட்டான். எனக்கு போன் லைன் கொடுப்பவன் மட்டும் வருஷ பிளான் போடு என்று என்னைக் கட்டிப்போடப் பார்க்கிறான்.

போன வாரம் நீ ஒரு மெசேஜ் அனுப்பினாய். இந்த பில்லோடு என் நம்பரை மூடிவிடுவதாகவும், அதுவரை வெளியே போகும் போன் கால்களை நிறுத்தி வைத்திருப்பதாகவும், எனக்குப் புது சிம் வாங்கித் தருவதாகவும். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, தெரியும். ஆனால் எனக்குப் புது நம்பர் வேண்டாம். எனக்கு வேண்டியது என் பழைய நம்பர், என் பேரில், பில் வராமல், யாரிடமும் வருஷக்கணக்கில் மாட்டாமல். அதைத் தேடித்தான் ஒரு வாரம் அலைந்தேன். கடை கடையாகக் கேட்டேன். பேச மட்டும் போதும், இன்டர்நெட் வேண்டாம் என்றால் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்க்கிறார்கள். மாதத்துக்கு இருபத்தெட்டு நாள் என்று எவன் கணக்கு வைத்தானோ, வருஷத்துக்குப் பதிமூன்று மாதச் சம்பளம் கொடுக்கிற முதலாளி எவனாவது இருக்கிறானா? கடைசியில் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கடையில் ஒரு பெண் பொறுமையாகத் தேடி ஒரு பிளான் காட்டினாள். பேச்சுக்கு மட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், பிடிக்காவிட்டால் அடுத்த தடவை போடாமல் விட்டுவிடலாம். என் கைக்கு எட்டுகிற விலைதான். ஒரு பட்டன் போனும் வாங்கிவிட்டேன். வெளிநாட்டுக்குத் தனியாகக் காசு போட வேண்டும், தீர்ந்தால் நின்றுவிடும் என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

ஆனால் நம்பரை மாற்றப் போனபோதுதான் தெரிந்தது. கரையான்சாவடி ஷோரூமில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "நம்பர் உங்க பேர்ல இல்லையேம்மா. உங்க பையன் நேர்ல வந்து விரல் வெக்கணும், அப்புறம் நீங்க வெக்கணும். பத்து நிமிஷ வேலை. பில் முடியறதுக்குள்ள வந்துடுங்க, க்ளோஸ் ஆயிட்டா நம்பர் திரும்பக் கிடைக்காது" என்றார்கள். பத்து நிமிட வேலை. அதற்காகத்தான் லில்லி அக்கா போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஊரறியச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போது நீ போனை எடுப்பதில்லை. இதைப் பற்றி உன்னிடம் குறை சொல்ல எனக்கு முகம் இல்லை.

அந்தப் பழைய நம்பர் எதற்கு என்று கேட்பாய். சாயங்காலம் ஆனால் அதில் ஒரு ரிங் வருகிறது, உடனே கட்டாகிறது. கமலா போனதிலிருந்து ஒரு நாளும் நிற்கவில்லை. அந்தக் கிழவிக்கு இங்கே நடந்தது எதுவும் தெரியாது. குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரிங் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். என்னால் திருப்பிக் கூப்பிட முடியவில்லை, வெளிநாட்டுப் பேச்சை நீ பில் வந்த அன்றே நிறுத்திவிட்டாய், லில்லி அக்கா போனிலும் அது போகாது. ஒரு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்து, கட்டாவதற்குள் எடுத்துவிட்டேன். "கமலா? கமலா?" என்றாள் கிழவி. எனக்குத் தெரிந்த இந்தியில் ஏதோ சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. பின்னால் குழந்தை என்னவோ கேட்டது. அங்கே காசு தீர்ந்து லைன் நின்றது. கமலாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த சென்னை நம்பரும் இது ஒன்றுதான். அவர்கள் நெமிலிச்சேரிப் பக்கம் ஏதோ கட்டட வேலைக்குப் போனதாகப் பக்கத்து அடுக்ககத்துச் செக்யூரிட்டி ஒருவர் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், கண்ணில் பட்ட கட்டடத்திலெல்லாம் கேட்டேன். கிடைக்கவில்லை. அவளாக என்றைக்காவது இந்த நம்பரைக் கூப்பிட்டால்தான் உண்டு. என்னைத் திட்டவாவது கூப்பிடுவாள். மூடிவிட்டால் மலையிலிருக்கும் அந்தக் குழந்தைக்கும் இங்கே எங்கேயோ செங்கல் தூக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற ஒரே வழி போய்விடும். அதை மூடியவர்கள் நீயும் நானுமாக இருப்போம்.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று வித்யா மெசேஜ் அனுப்பியிருந்தாள். அதையும் அவள்தான் சொன்னாள், நீ சொல்லவில்லை. பரவாயில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள், பாட்டி ஏன் நம்மோடு இல்லை என்று கேட்கும். சூப்பர்வைசர் கதை மாதிரி எதையாவது சொல்லிவிடாதே. பாட்டி நூல் வெட்டினாள், பாட்டி ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தாள் என்று இரண்டையும் சொல். நான் அதற்குத் தகுதியானவள்தான்.

பில் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. நேற்று வேலைக்குப் போகாமல் ஷோரூம் வாசலில் நின்றேன், உனக்கு மெசேஜும் போட்டேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, நீ படித்துவிட்டாய். கடை மூடும்வரை நின்றேன். இன்றும் நின்றேன். வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு ரிங் வந்து கட்டானது.

நாளைக்கும் கரையான்சாவடியில் நிற்பேன். வா. வரும் வழியில் அந்த குரூப்பைத் திற. கமலா திருடவில்லை, போனைக் கொடுத்தது என் அம்மா என்று, முன்பு எழுதிய அதே இடத்தில் எழுது. பிறகு உள்ளே வந்து விரலை வை.